குப்பைமேட்டோடு சேர்த்துப் பட்டா கொடுத்தால் வாங்கலாமா?

கச்சான்காத்து கேட்டது:

வணக்கம். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் மண்டபத்துக்கும் தேவிபட்டினத்துக்கும் நடுவில் கரையை ஒட்டிய சின்னக் குடியிருப்பு. ஊர்ப் பெயர் வேண்டாம், தெரிந்தவர்களுக்குத் தெரியும். 62 குடும்பம். தாத்தாவுக்குத் தாத்தா காலத்திலிருந்து அங்கேதான் இருக்கிறோம், ஆனால் பதிவேட்டில் அது புறம்போக்கு. ஜமாபந்திக்கு ஜமாபந்தி மனு கொடுத்தே என் அப்பாவுக்குத் தலை நரைத்துவிட்டது.

குடியிருப்புக்கு மேற்கே மூன்றரை ஏக்கர் மேட்டு நிலம். நான் சின்னப் பையனாக இருந்தபோது வலை காயப்போடுவது, கருவாடு போடுவது எல்லாம் அங்கேதான். பதினெட்டு வருடத்துக்கு முன்னால் பக்கத்து டவுன் குப்பையை டிராக்டரில் கொண்டுவந்து கொட்ட ஆரம்பித்தார்கள். போய்க் கேட்டால், இது அரசாங்க நிலம், நீங்கள் யார் கேட்பதற்கு என்றார்கள். அதே நிலத்தின் ஓரத்தில் ஒரு ஆள் கொட்டகை போட்டுப் பழைய பேட்டரியை உடைத்து ஈயம் உருக்கினார். எட்டு வருடம் நடத்திவிட்டு ஒருநாள் தகரத்தை மட்டும் கழற்றிக்கொண்டு போய்விட்டார். கச்சான் என்கிற மேல்காற்று அடிக்கிற மாதங்களில் குப்பை எரிகிற புகை முழுக்க எங்கள் வீட்டுக்குள்தான். இப்போது கொட்டுவது நின்று மூன்று வருடம் ஆகிறது, மேலே சீமைக்கருவேல் முளைத்து மூடிவிட்டது.

போன மாதம் அளக்க வந்தார்கள். அந்த மூன்றரை ஏக்கரையும் சேர்த்து எங்களுக்கு வீட்டுமனைப் பட்டாவாம், குடும்பத்துக்கு 3 சென்ட். ஊரில் வெடி போடாத குறைதான். எல்லைக்கல் நடக் கடப்பாரையால் குத்தியபோது ஒன்றரை அடியில் மண் கரிக்கட்டை மாதிரி வந்தது. அதற்குள் பேட்டரித் தகடு, ஊசி மருந்துச் சிரிஞ்சு, உருகி இறுகிப்போன பிளாஸ்டிக் கட்டி. சர்வேயரே காலைப் பின்னால் எடுத்துக்கொண்டார். “மேலே ஒரு அடி கிராவல் அடித்துக் கொடுத்துவிடுவோம், ஒன்றும் தெரியாது” என்றார்.

அந்த ‘ஒன்றும் தெரியாது’தான் எனக்கு உறுத்துகிறது. இதைச் சுத்தம் செய்ய வேண்டியது யார்? பஞ்சாயத்து டவுனைக் கைகாட்டுகிறது, டவுன் வருவாய்த் துறையைக் காட்டுகிறது, அவர்கள் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தைக் கேள் என்கிறார்கள். பட்டா கேட்டபோதெல்லாம் அரசாங்க நிலமாக இருந்தது, குப்பையை அள்ளச் சொன்னதும் யாருடைய நிலமும் இல்லாமல் போய்விட்டது. அடுத்தது, பட்டாவை வாங்கிவிட்டால் அந்த நஞ்சும் நம் பொறுப்பில் வந்துவிடுமா? பெரியவர்கள், முதலில் காகிதத்தை வாங்கு, மற்றதை அப்புறம் பார்ப்போம் என்கிறார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. வெளிநாட்டில் பழங்குடி மக்களுக்கு இப்படி நடந்ததாக எங்கோ கேள்விப்பட்டேன். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஆழிக்கப்பல்:

தம்பி, நீ இரண்டாவதாகக் கேட்டதற்கு அச்சு அசலான கதை அலாஸ்காவில் இருக்கிறது. நான் சரக்குக் கப்பலில் இருந்தவன், போய்வந்த நாடுகளைப் பற்றி எது கண்ணில் பட்டாலும் படிக்கிற பழக்கம்.

1971ல் அமெரிக்க அரசு அங்குள்ள பூர்வகுடிகளின் நில உரிமைக்கு ஒரு தீர்வுச் சட்டம் போட்டது. உங்கள் பழைய பாத்தியதையை விட்டுக்கொடுங்கள், பதிலுக்கு 4 கோடியே 40 லட்சம் ஏக்கர் நிலம், 96 கோடி டாலருக்கு மேல் பணம் என்று. நிலம் தனி ஆள் பெயரில் இல்லை, அந்த மக்களே பங்குதாரர்களாக இருக்கிற கம்பெனிகள் பெயரில். வாங்கின பிறகு பார்த்தால் அதில் பல இடங்கள் ராணுவமும் மற்ற அரசுத் துறைகளும் முகாம் போட்டு விட்டுப்போனவை. துருப்பிடித்த எண்ணெய்ப் பீப்பாய், டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெய், கல்நார், எல்லாம் மண்ணுக்குள். 1998ல் அரசுத் துறை ஒன்றே நாடாளுமன்றத்துக்குக் கொடுத்த அறிக்கையில் இப்படி 650 இடம் போலக் கணக்கு வந்தது.

இதில் உனக்கு முக்கியமானது வேறு. 1980ல் அங்கே சூப்பர்ஃபண்ட் என்று ஒரு சட்டம் வந்தது, கெடுத்தவனிடம் பணம் வாங்கிச் சுத்தம் செய்ய. நல்ல சட்டம்தான், ஆனால் அதன்படி நஞ்சுள்ள நிலத்துக்கு இப்போதைய சொந்தக்காரனும் பொறுப்பு. கெடுத்ததும் அரசாங்கம், கொடுத்ததும் அரசாங்கம், கேஸ் என்று வந்தால் வாங்கினவனும் கூண்டில் ஏற வேண்டும். அவர்களாகக் கெடுக்காதவரை இப்படிக் கைக்கு வந்த நிலத்துக்கு அவர்கள் பொறுப்பில்லை என்று சட்டத்தில் ஒரு வரி சேர்க்க 2018 ஆகிவிட்டது. கணக்குப் போட்டுப் பார், 47 வருடம். அந்த நிலங்களைச் சுத்தம் செய்ய அவர்கள் கைக்கே கிடைக்கிற மாதிரி தனித் திட்டத்துக்கு 2 கோடி டாலர் ஒதுக்கினது 2023 நிதியாண்டில்தான்.

அதனால் ‘முதலில் வாங்கு, அப்புறம் பார்ப்போம்’ என்கிற பேச்சைக் கேட்டால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. அப்புறம் என்பது எவ்வளவு நீளம் என்று அங்கே அளந்துவிட்டார்கள்.

சிரட்டைத்தண்ணி:

தம்பி, சட்டம் எனக்குத் தெரியாது. நான் மன்னார் வளைகுடாப் பக்கம், ஏர்வாடிக்குக் கிழக்கே. அம்மா பாசி எடுக்கப் போனவர், நானும் இருபது வயது வரை போனேன்.

முதலில் ஒன்று கேட்கிறேன். உங்கள் ஊரில் பெண்கள் தண்ணீர் எடுக்கிற ஊற்று அந்த மேட்டிலிருந்து எவ்வளவு தூரம்? எங்கள் ஊரில் கரையோரம் இடுப்பளவு குழி தோண்டி, ஊறுகிற தண்ணீரைச் சிரட்டையால் மொண்டு மொண்டு குடத்தில் விடுவோம். ஒரு குடம் நிறைய அரைமணி நேரம் ஆகும். எங்கள் பக்கமும் ஒரு பள்ளத்தில் லாரி லாரியாகக் கொட்டினார்கள். ஒரு மழைக்கு அப்புறம் சிரட்டையில் மொண்ட தண்ணீரில் பச்சையும் ஊதாவுமாக ஏடு மிதந்தது. என் சித்தி அதை விரலால் ஒதுக்கிவிட்டு மொண்டார். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். அந்தக் குழியை மூடிவிட்டு நூறடி தள்ளிப் புதிதாகத் தோண்டினோம், அவ்வளவுதான் எங்களுக்குத் தெரிந்த சுத்தம். இப்போது குடம் இவ்வளவு என்று காசு கொடுத்து லாரித் தண்ணீர் வாங்குகிறோம். அந்தக் காசை யார் கொடுக்க வேண்டும் என்று இந்த வயதில்தான் கேட்கத் தோன்றுகிறது.

இன்னொரு வயிற்றெரிச்சலையும் சொல்லிவிடுகிறேன். 1986ல் 21 தீவையும் தேசியப் பூங்கா என்று அறிவித்த பிறகு நாங்கள் தீவில் கால் வைத்தால் குற்றம். அம்மா எடுத்த பாசி மூட்டையைப் பிடுங்கி வைத்துக்கொண்டு அபராதம் போட்ட நாள் உண்டு. அப்போது கடலுக்குச் சொந்தக்காரர் யார் என்பதில் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. கரையில் லாரி வந்து கொட்டும்போது மட்டும் அந்தச் சொந்தக்காரர் எங்கே போனார்?

மண்ணைச் சோதிக்கிற முன்னால் பிள்ளைகளைப் பார். அந்தக் கொட்டகையில் கிடந்த கருப்பு பேட்டரிப் பெட்டிகளை வீட்டுக்கு எடுத்துவந்து செடி வைக்கிறது, தூண்டில் இரை போட்டு வைக்கிறது உண்டா? எங்கள் ஊரில் உண்டு.

பழைய மணியம்:

முப்பது வருடம் கிராமக் கணக்கு எழுதினவன், அதனால் காகிதத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

தம்பி, ‘அ’ பதிவேட்டில், அதாவது கிராமத்து நிலக் கணக்கில், அந்த மூன்றரை ஏக்கர் என்ன வகைப்பாட்டில் இருக்கிறது என்று முதலில் பார். புறம்போக்கு என்பது ஒற்றைச் சொல் இல்லை. மேய்ச்சல், மந்தைவெளி, ஓடை, உப்பளம், தரிசு என்று பல வகை. குப்பை கொட்ட அந்த நிலத்தை டவுனுக்கு ஒப்படைத்து ஏதாவது உத்தரவு போட்டார்களா, இல்லை சும்மா வந்து கொட்டினார்களா என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேள். 10 ரூபாய் ஸ்டாம்ப், 30 நாளில் பதில் தந்தாக வேண்டும். உத்தரவு இருந்தால் கொட்டினது யார் என்பதற்கு அவர்கள் கையெழுத்தே சாட்சி. இல்லையென்றால் அரசு தன் நிலத்தைப் பார்த்துக்கொள்ளவில்லை என்பதற்குச் சாட்சி. எப்படியானாலும் உனக்கு நல்லதுதான். கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கைப்படி அதில் சொன்ன கடலோர எல்லைக்குள் ஊர்க் குப்பை கொட்டுவதே தடை, 2011 அறிவிக்கையிலேயே அப்படித்தான் இருக்கிறது. நிலம் அந்த எல்லைக்குள் வருகிறதா என்று வரைபடம் வாங்கிப் பார்.

அடுத்தது புதிது, ஊரில் பலருக்குத் தெரியாது. 2025 ஜூலையில் மாசடைந்த இடங்களைக் கையாள என்றே மத்திய அரசு தனி விதி கொண்டுவந்தது. மாவட்ட நிர்வாகம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை சந்தேகத்துக்குரிய இடங்களின் பட்டியலைக் கொடுக்க வேண்டும். வாரியம் 90 நாளில் முதல் ஆய்வு செய்ய வேண்டும், சந்தேகம் இருந்தால் அதன்பிறகு விரிவான ஆய்வு. கெடுத்தவர் யார் என்று கண்டுபிடித்து அவரிடம் செலவை வாங்க வேண்டும். ஆள் அகப்படாவிட்டால், அல்லது அவரிடம் பணம் இல்லாவிட்டால், மத்திய மாநில அரசுகள்தான் செலவுக்கு வழி செய்ய வேண்டும். உன் பேட்டரிக்காரர் எங்கே இருக்கிறாரோ தெரியாது, அதனால் இந்தக் கடைசி வரிதான் உனக்கு உயிர்.

ஆனால் ஒரு கண்ணி இருக்கிறது. கதிரியக்கக் கழிவு, சுரங்கம், கடலில் கொட்டின எண்ணெய், குப்பைமேட்டுத் திடக்கழிவு, இந்த நாலும் தனித்தனிச் சட்டத்தில் வருவதால் இந்த விதியில் சேராது. நீ மனுவில் “குப்பைமேடு” என்று மட்டும் எழுதினால் முதல் மேசையிலேயே திருப்பிவிடுவார்கள். குப்பையோடு அபாயகரமான ரசாயனம் கலந்து அது வரம்பைத் தாண்டியிருந்தால் உள்ளே வரும். ஆகவே “பழைய பேட்டரி உடைத்து ஈயம் உருக்கிய இடம், அமிலம் மண்ணில் கலந்துள்ளது, மருத்துவக் கழிவும் உள்ளது” என்று எழுது. குப்பை என்ற சொல்லை மூன்றாவது வரிக்குத் தள்ளு. சொல்லில் என்ன இருக்கிறது என்பார்கள், அலுவலகத்தில் சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது.

மனு திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொடு, ரசீது வாங்கு. கிராம சபையில் தீர்மானமும் போடுங்கள், அக்டோபர் 2 வருகிறது. தீர்மானத்தில் ‘பட்டா வேண்டாம்’ என்று ஒரு எழுத்துகூட வந்துவிடக் கூடாது. அதை வைத்தே, ஊரே வேண்டாம் என்றுவிட்டது என்று கோப்பை மூடிவிடுவார்கள். ‘பட்டா வேண்டும், அரசு தன் செலவில் சுத்தம் செய்து, சோதனை அறிக்கையோடு ஒப்படைக்க வேண்டும், பழைய மாசுக்குப் பட்டாதாரர் பொறுப்பல்ல என்பதை உத்தரவிலேயே எழுத வேண்டும்’ என்று ஒரே வாக்கியமாக இருக்கட்டும்.

பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போகிற எண்ணம் இருந்தால் நாளைக் கடத்தாதே. நிலத்தைச் சீர்செய்து தரக் கேட்க 5 வருடம்தான் கெடு, அதுவும் பிரச்சினை முதலில் எழுந்த நாளிலிருந்து. எது முதல் நாள் என்பதிலேயே எதிர்க்கட்சி வக்கீல் ஆடுவார்.

உப்பளத்தான்:

எல்லாரும் அலாஸ்கா, டெல்லி என்று பறக்கிறீர்கள். நான் கொஞ்சம் கசப்பாகப் பேசுகிறேன், கோபப்படாதீர்கள்.

முதலாவது, நாம் பழங்குடிப் பட்டியலில் இல்லை. மீனவர்களைச் சேர்க்கச் சொல்லிப் பல வருடமாகக் கேட்கிறோம், நடக்கவில்லை. அலாஸ்காவில் அந்த மக்களுக்கு அரசு போட்ட தீர்வுச் சட்டம் என்று ஒன்று கையில் இருக்கிறது, அதை நீட்டிக் கேட்கிறார்கள். நம் கையில் என்ன இருக்கிறது? மின்கட்டண ரசீதும் ரேஷன் அட்டையும். இரண்டாவது, அந்தப் பேட்டரிக் கொட்டகைக்கு இடம் காட்டினது யார்? மாதம் இவ்வளவு என்று வாங்கித் திருவிழா நிதியில் சேர்த்தது யார்? உங்கள் ஊரைச் சொல்லவில்லை, எங்கள் ஊரில் அதுதான் நடந்தது. அரசாங்கத்தைக் கேட்கப் போகும்போது இந்தக் கேள்வி நிச்சயம் வரும்.

மூன்றாவது, தீர்ப்பு வந்தாலும் நம்ப முடியாது. இறால் பண்ணை வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கெடுத்தவனே செலவைக் கொடுக்க வேண்டும், கடலோரப் பண்ணைகளை அகற்ற வேண்டும் என்று சொன்னது. 2005ல் நாடாளுமன்றம் தனிச் சட்டம் போட்டுப் பண்ணைகளுக்கு வழி விட்டது. என் மாமாவின் வயலுக்குப் பக்கத்தில் கைவிட்ட பண்ணைக் குளம் இன்னும் வெள்ளை பூத்துக் கிடக்கிறது, ஒரு புல் முளைக்கவில்லை.

பழைய மணியம்:

உப்பளத்தான் கேட்டதில் நியாயம் இருக்கிறது, இரண்டாவது கேள்விக்கு ஊருக்குள் முதலிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒன்று. திருவிழாவுக்கு ஐந்நூறு ரூபாய் வாங்கினவர் பேட்டரி உடைக்க லைசென்ஸ் கொடுக்க முடியாது, மூடச் சொல்லவும் முடியாது. அந்த அதிகாரம் யாரிடம் இருந்ததோ பொறுப்பும் அங்கேதான். பட்டியலில் இருக்கிறோமா இல்லையா என்பதும் இதற்குத் தேவையில்லை. பட்டா உத்தரவில் கையெழுத்து விழுகிற நாள் வரை நிலத்தின் சொந்தக்காரர் சர்க்கார். இதை அவர்களே இத்தனை வருடம் உங்களிடம் சொல்லிச் சொல்லி நிரூபித்திருக்கிறார்கள்.

ஆழிக்கப்பல்:

அந்தக் கிராவல் விஷயத்தை விட்டுவிட்டேன், அதற்காகத் திரும்ப வந்தேன்.

ஆஸ்திரேலியாவில் மரலிங்கா என்று ஒரு பாலைவனப் பகுதி. 1956 முதல் 1963 வரை பிரிட்டன் அங்கே அணுகுண்டுச் சோதனை நடத்தியது. அதற்காக அங்கிருந்த பூர்வகுடிகளை அப்புறப்படுத்தினார்கள். 1967ல் சுத்தம் செய்கிறோம் என்று வந்து என்ன செய்தார்கள் தெரியுமா, புளுட்டோனியம் சிதறின மேல்மண்ணை உழுது புரட்டிவிட்டார்கள். மேலே இருந்தது கீழே போனால் கணக்குத் தீர்ந்தது. அடுத்த வருடமே ஆஸ்திரேலிய அரசு பிரிட்டனுக்கு இனிப் பொறுப்பில்லை என்று எழுதியும் கொடுத்துவிட்டது. 1980களில் அளந்து பார்த்தபோதுதான் தெரிந்தது, துண்டு துண்டாகப் புளுட்டோனியம் தரையிலேயே கிடந்தது. விசாரணைக் கமிஷன் போட்டு, மறுபடி பேரம் பேசிப் பிரிட்டனிடம் 2 கோடி பவுண்டு வாங்கி, 1990களின் நடுவில் தொடங்கி 2000 வரை மேல்மண்ணைச் சுரண்டி ஆழக் குழியில் புதைத்தார்கள். மொத்தச் செலவு 10 கோடி ஆஸ்திரேலிய டாலருக்கு மேல். மீதியிருந்த 3,000 சதுர கிலோமீட்டர் போல உள்ள அந்தப் பகுதி மக்கள் கைக்கு வந்தது 2009ல்.

உன் சர்வேயர் சொல்கிற ஒரு அடி கிராவலும் அந்த உழவும் ஒன்றுதான். ஈயம் தண்ணீரில் சுலபமாகக் கரைந்து இறங்கிப் போகிற பொருள் இல்லை, பெரும்பாலும் விழுந்த இடத்தில் மேல்மண்ணிலேயே ஒட்டிக்கொண்டு கிடக்கும். வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டினால், கழிவறைக்கு உறை இறக்கினால், ஒரு அடி கிராவலைத் தாண்டி அந்தக் கரி மண் மறுபடி முற்றத்துக்கு வரும். பிள்ளைகள் உடம்பில் ஈயத்துக்கு இதுவரை பாதகமில்லை என்று ஒரு அளவே கிடையாது என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் நிலை.

சிரட்டைத்தண்ணி அக்கா பேட்டரிப் பெட்டியைப் பற்றிக் கேட்டது சும்மா இல்லை. அமெரிக்காவில் நவஹோ மக்கள் நிலத்தில் 1944லிருந்து 1986 வரை சுமார் 3 கோடி டன் யுரேனியத் தாது தோண்டிவிட்டு, 500க்கு மேற்பட்ட சுரங்கங்களை அப்படியே போட்டுவிட்டுப் போனார்கள். சுரங்கத்தில் கிடந்த கல் நல்ல கல்லாக இருக்கிறதே என்று எடுத்துவந்து வீடு கட்டிக்கொண்டவர்கள் உண்டு, தரை போட்டவர்கள் உண்டு. பிற்பாடு அந்த வீடுகளையே இடிக்க வேண்டி வந்தது. உங்கள் ஊரில் கொட்டகைச் சாம்பலையோ உடைசலையோ யாராவது பள்ளம் மேவ எடுத்தார்களா என்று வீடு வீடாகக் கேள்.

கச்சான்காத்து:

எல்லாருக்கும் நன்றி. ஐயா சொன்ன வாக்கியத்தை அப்படியே எழுதி வைத்துக்கொண்டேன். அக்கா, எங்கள் ஊற்று அந்த மேட்டிலிருந்து இருநூறு அடிகூட இருக்காது. குடிக்க லாரித் தண்ணீர்தான், ஆனால் பாத்திரம் கழுவவும் அரிசி களையவும் ஊற்றுத் தண்ணீர்தான். தண்ணீரில் ஈயத்துக்கு வரம்பு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம் என்று பார்த்தேன், இரண்டு பாட்டில் எடுத்து வைத்திருக்கிறேன். மதுரையில் எந்த ஆய்வகத்தில் கொடுக்கலாம் என்று யாராவது தனிச்செய்தியில் சொன்னால் நல்லது.

உப்பளத்தான் அண்ணே, திருவிழா நிதி எங்கள் ஊரிலும் நடந்ததுதான். நேற்று ராத்திரி கோயில் திண்ணையில் அதைப் பேசினபோது இரண்டு பேர் எழுந்து போய்விட்டார்கள். ஆனால் அப்பா போகவில்லை. கடைசியில், காகிதத்தை வாங்குவோம், ஆனால் அவன் எழுதிக் கொடுக்கிறதைப் படித்துவிட்டு வாங்குவோம் என்றார். அவர் வாயில் அதுவே பெரிது.

வீட்டுக்கு வந்து எண்ணிப் பார்த்தேன், எங்கள் வீட்டிலேயே நாலு பேட்டரிப் பெட்டி. இரண்டில் அப்பத்தா கறிவேப்பிலையும் துளசியும் வைத்திருக்கிறார், ஒன்றில் ஈயக்குண்டும் தூண்டிலும் கிடக்கிறது, இன்னொன்றை என் மகள் மண் அள்ளி விளையாட எடுத்துக்கொண்டாள். நாலையும் சாக்கில் கட்டிக் குப்பை வண்டியில் போடக் கொண்டுபோனேன். இதெல்லாம் எடுக்க மாட்டோம் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். இப்போது சாக்கு வாசலில் இருக்கிறது. இதை எங்கே கொண்டுபோய்க் கொடுப்பது, யாருக்காவது தெரியுமா?